மாலபேக்கு வராத ரயிலும் கிளிநொச்சிக்கு வந்த ரயிலும்

ஒரு அலுவலாகப் பத்தரமுல்லைக்குப் போக வேண்டியிருந்தது. கிளிநொச்சியில் இரவு ஒன்பதரைக்குப் பஸ் ஏறி, விடிய நாலரைக்கெல்லாம் கொழும்புப் புறக்கோட்டையில் இறங்கிவிட்டேன். 330 கிலோமீற்றர் அளவு, ஏழு மணித்தியாலம், நடுச்சாமத்தில் ஒரு கடையில் நிறுத்திப் பரோட்டா தின்றதும் அதற்குள்தான். முகம் கழுவி, தேத்தண்ணி குடித்து, கொஞ்ச நேரம் குந்தியிருந்துவிட்டு ஏழரைக்கு 190ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். பத்தரமுல்லை பத்துக் கிலோமீற்றருக்குள்தான். ஆனால் பொரளைச் சந்தியில் நின்றது, இராஜகிரியவில் ஊர்ந்தது, மேம்பாலத்தில் ஏறி அதன் உச்சியில் மறுபடி நின்றது. இறங்கும்போது ஒன்பது மணி.

பக்கத்துச் சீட்டில் வவுனியாவிலிருந்து வந்த ஐயா ஒருவர். மடியில் பிளாஸ்டிக் கோவை, அதற்குள் பிறப்புச் சான்றிதழ், போட்டோ, அடையாள அட்டைப் பிரதி என்று எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. மேம்பாலத்தில் நின்றபோது கீழே பார்த்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இந்த றோட்டுக்கு மேலால ரயில் விடப் போறம் எண்டு சொன்னவை, ஞாபகம் இருக்கோ? கிளிநொச்சிக் காட்டுக்குள்ள ரயில் விட்டவையால, பார்லிமென்றுக்குப் போற றோட்டில ஒண்டு விட ஏலாமப் போச்சே."

சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஆனால் கேள்வி மனதில் நின்றுவிட்டது. கட்டட வேலைகளுக்கு மதிப்பீடு போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு, ஒரு கணக்கு ஏன் பிழைத்தது என்று பார்க்காமல் விட எனக்கு வராது. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே பத்தாண்டு, இரண்டும் வெளிநாட்டுக் கடன். இதில் வினோதம் என்னவென்றால், வட்டி மிகக் குறைந்த கடன் கிடைத்த திட்டம்தான், கொழும்பிலிருந்து பத்தரமுல்லை தாண்டி மாலபே வரை போட இருந்த இலகு ரயில்தான், செத்தது. அதைவிட வட்டி கூடின கடனில் வந்த எங்கள் பாதையில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது.

எதற்காக மாலபே

கொழும்புக்குள் நுழையும் பெரிய வழிகளைப் பாருங்கள். நீர்கொழும்புப் பக்கம், கண்டிப் பக்கம், காலிப் பக்கம் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ரயில் பாதை இருக்கிறது. ஹைலெவல் வீதிப் பக்கத்துக்கும் களனிவெளிப் பாதை என்று ஒன்று, வளைந்து வளைந்து என்றாலும், இருக்கிறது. மாலபேப் பக்கம் ஒன்றுமில்லை. அங்கே ரயில் போட வேண்டிய தேவை அந்தக் காலத்தில் வரவில்லை, வயலும் சதுப்பும்தான். பிறகு 1982இல் பாராளுமன்றம் கோட்டே பக்கம் போனது, பத்தரமுல்லையில் செத்சிறிபாய என்று அடுக்கடுக்காக அரசாங்க அலுவலகங்கள் வந்தன, மாலபேயில் தனியார் கல்வி நிறுவனங்களும் கணினிக் கம்பனிகளும் வந்தன, காணி விலை ஏறியது, ஆட்கள் போனார்கள். வீதி மட்டும் கிட்டத்தட்ட அதே வீதிதான். 2018இல் இராஜகிரியவில் மேம்பாலம் திறந்தார்கள். சந்தியில் நின்ற நெரிசல் பாலத்தின் மறுபக்கத்துக்குப் போனது, அவ்வளவுதான். நான் நின்ற இடமும் அதுதான்.

ஜப்பானிய உதவி நிறுவனமான ஜெய்க்காவோடு சேர்ந்து 2014இல் முடித்த நகரப் போக்குவரத்துப் பெருந்திட்டம், இந்த வழிக்கு மொனோரயில் வேண்டும் என்று சொன்னது. 2015இல் ஆட்சி மாறியது. மேல் மாகாண மாநகரத் திட்டம் வந்தது, சம்பிக்க ரணவக்கவின் மாநகர அமைச்சு வந்தது, மொனோரயில் இலகு ரயிலாக மாறியது. ஒன்றல்ல, ஏழு பாதை, எல்லாம் சேர்த்து 75 கிலோமீற்றர் அளவு என்று படம் கீறினார்கள். அதில் உண்மையாகவே கடன் ஒப்பந்தம் வரைக்கும் போனது ஒன்றே ஒன்று: கொழும்புக் கோட்டையிலிருந்து கொம்பனித்தெரு, பொரளை, இராஜகிரிய, பத்தரமுல்லை வழியாக மாலபே. நீளம் 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள், முழுக்கத் தூண்களுக்கு மேலே.

இலகு ரயில் என்றால் ஏதோ விளையாட்டு ரயில் என்று நினைக்க வேண்டாம். யாழ்தேவி மாதிரி நீளமான, கனமான வண்டி தேவையில்லை. சில பெட்டிகள்தான், மின்சாரத்தில் ஓடும், இறுக்கமான வளைவிலும் திரும்பும், கிலோமீற்றருக்கு ஒருதரம் நிற்கும், சில நிமிஷத்துக்கு ஒன்று வரும். பஸ்ஸால் தாங்க முடியாத கூட்டம், ஆனால் பெரிய ரயில் போடுமளவுக்கு இடமும் இல்லை என்கிற வழிக்கு இது. நிலத்தில் ஓடவிட்டால் செலவு குறையும். ஆனால் அந்த வீதியில் ஒரு ஓட்டோ நுழையவே இடமில்லை, எனவே மேலேதான் போயாக வேண்டும். மேலே என்றால் ஒவ்வொரு முப்பது மீற்றர் அளவுக்கும் ஒரு தூண், தூணுக்கடியில் தண்ணீர்க் குழாய், தொலைபேசி வயர், கழிவுநீர், எல்லாவற்றையும் முதலில் நகர்த்த வேண்டும். நிலையம் ஒவ்வொன்றுக்கும் மின்தூக்கி, படி, நடைபாலம். வண்டிகள் இரவில் படுக்க ஒரு பெரிய தரிப்பிடம், அதற்கு மாலபேயில் காணி. செலவு ஏறுவது இப்படித்தான்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்

மொத்தச் செலவுக்கு வேறு வேறு தொகைகள் சொன்னார்கள். திட்டத்தை நிறுத்தச் சொன்ன அரசாங்கமே 1.5 பில்லியன் டொலருக்கு மேல் என்று எழுதியது, 2.2 பில்லியன் என்றும் பேச்சு அடிபட்டது. குறைந்ததை எடுத்தாலே கிலோமீற்றருக்கு 95 மில்லியன் டொலர். கூடினதை எடுத்தால் 140 மில்லியன்.

இதை எங்கள் பக்கத்தோடு வைத்துப் பாருங்கள். ஓமந்தையிலிருந்து பளை வரைக்கும் 90 கிலோமீற்றர் பாதையை இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் போட்டது, ஒப்பந்தத் தொகை 185 மில்லியன் டொலர் அளவு. கிலோமீற்றருக்கு இரண்டு மில்லியன். தெற்கில் மாத்தறையிலிருந்து பெலியத்த வரை 27 கிலோமீற்றர் அளவு சீனக் கடனில் போட்டு 2019 ஏப்ரலில் திறந்தார்கள், 278 மில்லியன் டொலர், கிலோமீற்றருக்குப் பத்து மில்லியன். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு "பார், கொழும்புக்காரனுக்கு மட்டும் ஐம்பது மடங்கு செலவு" என்று முகநூலில் கத்துவது சுலபம். கத்தியும் இருக்கிறார்கள். ஆனால் அது மதிப்பீடு போடத் தெரிந்தவன் பேசும் பேச்சில்லை. எங்களுடையது ஒற்றைத் தண்டவாளம், டீசல் வண்டி, 1905இலேயே வெட்டி உயர்த்திய மண்மேடு, காணி ஏற்கனவே ரயில்வேயின் காணி. சிக்னலுக்குத் தனி ஒப்பந்தம், வண்டிகளுக்கு வேறு கணக்கு. மாலபேப் பாதையில் வண்டி, மின்சாரம், சிக்னல், தூண், நிலையம், தரிப்பிடம் எல்லாம் ஒரே தொகைக்குள். தோசையையும் கல்யாணச் சாப்பாட்டையும் ஒரே தராசில் வைக்கிற மாதிரி அது.

சரி, கடன். 2019 மார்ச் 11ஆம் திகதி முதல் தவணைக்குக் கையெழுத்து வைத்தார்கள், 30.04 பில்லியன் ஜப்பானிய யென். வட்டி வருஷத்துக்கு 0.1 வீதம். திருப்பிக் கட்ட 40 வருஷம், அதில் முதல் 12 வருஷம் முதலைத் தொடவே தேவையில்லை. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நிற்கிற ஊரிலிருந்து எழுதுகிறேன் என்பதால் இந்த 0.1ஐ இரண்டு மூன்று தரம் பார்த்தேன். எங்கள் பெண்கள் வாங்கிய நுண்கடன் வட்டிக்கு 2018இல் அரசாங்கம் வைத்த உச்சவரம்பே 35 வீதம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதல் கட்டத்துக்கு வாங்கிய சீனக் கடன் 6.3 வீதம்.

முழு 1.5 பில்லியனும் இதே நிபந்தனையில் வந்தது என்று வைத்துக்கொண்டால், முதல் 12 வருஷமும் வருஷ வட்டி 1.5 மில்லியன் டொலர்தான், அதுவும் முழுத் தொகையையும் எடுத்த பிறகு. அதே தொகைக்கு 6.3 வீதம் என்றால் வருஷத்துக்கு 94.5 மில்லியன். சலுகைக் காலம் முடிந்த பிறகு 28 வருஷத்துக்கு முதலைப் பிரித்துக் கட்டினால் வருஷத்துக்கு 54 மில்லியன் அளவு வரும். அதாவது முதலைத் திருப்பிக் கட்டுகிற காலத்திலும், 6.3 வீதக் கடனில் வெறும் வட்டிக்குப் போவதைவிட இது குறைவு.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இவ்வளவு மலிவாகத் தருகிற கடனை ஜப்பான் சும்மா தருவதில்லை. ஸ்டெப் என்கிற அந்த வகைக் கடனில் முதன்மை ஒப்பந்தகாரர் ஜப்பானியராக இருக்க வேண்டும், பொருளிலும் சேவையிலும் குறைந்தது 30 வீதம் ஜப்பானிலிருந்து வர வேண்டும். போட்டி குறைந்தால் விலை ஏறும். இது எந்த ஒப்பந்தகாரனைக் கேட்டாலும் சொல்வான். வட்டியில் விட்டதை விலையில் பிடிக்கிறார்கள் என்று எதிர்த்தவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. ஆனால் எவ்வளவு பிடிக்கலாம்? 25 வீதம் கூட்டி விற்றார்கள் என்றே வைத்துக்கொள்வோம், 375 மில்லியன் டொலர். 6.3 வீதக் கடனில் நாலு வருஷ வட்டி அதை விழுங்கிவிடும். மீதி 36 வருஷம் இருக்கிறது. எனவே கடன் மலிவா என்கிற கேள்விக்கு என் பதில், ஆம், மலிவுதான், கட்டுப்பாட்டோடு சேர்த்தும் மலிவுதான்.

யென்னில் வாங்கி ரூபாவில் டிக்கெட் விற்கிற ஆபத்து வேறு. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை நாங்கள் மண்ணெண்ணெய் வரிசையில் நின்று பார்த்தோம். அந்தக் காலத்தில் யென்னும் சரிந்ததால் அடி அவ்வளவு விழுந்திருக்காது, ஆனால் அது அதிர்ஷ்டம், திட்டமில்லை.

டிக்கெட்டில் மட்டும் இந்தப் பணம் திரும்பாது என்பதும் தெளிவு. உலகத்தில் இப்படிப்பட்ட பாதைகள் அநேகமாக எங்கேயும் கட்டின செலவைப் பயணிக் கட்டணத்தில் மீட்பதில்லை, ஓட்டுகிற செலவை மீட்டாலே கெட்டித்தனம். லாபம் வேறு இடத்தில் வரும்: மிச்சமாகிற நேரம், எரியாத எண்ணெய், நிலையத்துக்குப் பக்கத்தில் ஏறுகிற காணி விலை. அந்தக் காணி விலை ஏற்றத்தில் ஒரு பங்கை வரியாகவோ குத்தகையாகவோ எடுத்துப் பாதைக்கே போடுகிற முறையை ஹொங்கொங் செய்து காட்டியிருக்கிறது. இங்கே மாலபேக் காணிக்காரன் லாபம் எடுப்பான், கடனை எங்கள் கிளிநொச்சி வட்டக்கச்சியில் பருப்பு வாங்குகிறவனும் சேர்த்துக் கட்டுவான், ஏனென்றால் திறைசேரிக்குப் பணம் வருவது பெரும்பாலும் பொருளுக்கு மேல் போடும் வரியிலிருந்து. இந்த ஒரு இடத்தில் எனக்கு அந்தத் திட்டத்தில் கோபம் உண்டு.

கடிதம்

2019 மார்ச்சில் கையெழுத்து. ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுகள். நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல், கோத்தாபய ராஜபக்ச வென்றார், மாநகர அமைச்சு அந்தப் பெயரில் இல்லாமல் போனது. வந்த கையோடு பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள், வருமானம் விழுந்தது. 2020 மார்ச்சில் கொரோனா. இவ்வளவுக்கும் நடுவில் ஆலோசகர்கள் வரைபடம் கீறிக்கொண்டிருந்தார்கள், மண் பரிசோதித்தார்கள், காணிக்காரர்களோடு பேசினார்கள். ஒரு தூண்கூட எழவில்லை.

2020 செப்டெம்பரில் ஜனாதிபதியின் செயலாளர் பி. பி. ஜயசுந்தர போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். சாரம் இதுதான்: வெளிநாட்டுக் கடனில் இவ்வளவு பெரிய செலவு, கொழும்புக்கு இது செலவுக்கேற்ற தீர்வு இல்லை, திட்டத்தை நிறுத்துங்கள், அலுவலகத்தை மூடுங்கள். செய்தி வெளியே வந்தபோது ஜப்பான்காரர் அதை எப்படி எடுத்திருப்பார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை. அடுத்த பெப்ரவரியில், 2021இல், கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியாவோடும் ஜப்பானோடும் சேர்ந்து கட்டுவதாக இருந்த உடன்பாட்டையும் கைவிட்டார்கள். 2022 ஏப்ரல் 12, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிப்பு. பிறகு கடனை மறுசீரமைக்கக் கடன்காரர்களின் குழு ஒன்று கூடியபோது அதன் தலைமையில் இருந்த மூன்று நாடுகளில் இரண்டு யார் தெரியுமா? ஜப்பானும் இந்தியாவும். மூன்றாவது பிரான்ஸ். ஆளைத் திண்ணையிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டு, கொஞ்சக் காலத்தில் அவர் வாசலிலேயே போய் நின்ற கதை. 2023 மேயில் ரணில் விக்கிரமசிங்க டோக்கியோவுக்குப் போய்ப் பிரதமர் கிஷிடாவிடம் இந்த ரயில் நிறுத்தத்துக்காக வருத்தம் தெரிவித்தார்.

"செலவுக்கேற்றதில்லை" என்று சொன்னவரிடம், அப்படியானால் எது ஏற்றது என்று கேட்க வேண்டும். பஸ்ஸுக்குத் தனி வழி விடலாம், உண்மைதான், அது பல மடங்கு மலிவு. 2017இல் கொழும்பில் அதைப் பரிசோதித்தும் பார்த்தார்கள். ஆனால் தனி வழி என்பது கோடு கீறி முடிகிற வேலையில்லை, ஒவ்வொரு நாளும் காலையில் ஆள் நின்று கார்க்காரனை வெளியே தள்ள வேண்டும், வருஷம் 365 நாளும், அமைச்சரின் வாகனம் உட்பட. அதைச் செய்கிற மனம் இருந்திருந்தால் இலகு ரயில் தேவையே இருபது வருஷம் தள்ளிப் போயிருக்கும். கடைசியில் இரண்டும் நடக்கவில்லை. நிறுத்தியதில் உள்ள பிழை என்று நான் நினைப்பது அதைத்தான், ரயிலைக் கைவிட்டது அதற்கு அடுத்தபடி.

எங்கள் பாதை எப்படி வந்தது

1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கர் போடப் போய்விட்டன, இரண்டு தரப்பும் எடுத்தது. மண்மேட்டில் ஆளுயரப் பற்றை. மாங்குளத்திலும் முறிகண்டியிலும் ரயில் நிலையம் இருந்த இடத்தைப் பெரியவர்கள் கையால் காட்டினால்தான் தெரியும். போர் முடிந்து, கண்ணிவெடி அகற்றி, கூலிக்கு ஆள் பிடித்து, ஏ9 ஓரமாக டிப்பர் டிப்பராகக் கல் வந்து கொட்டியது. அந்தத் தூசி வீட்டுக்குள் படிந்த காலம் இன்னும் நினைவிருக்கிறது.

2013 செப்டெம்பர் 14, கிளிநொச்சிக்கு ரயில் வந்தது. என் மச்சாள் 1989இல் பிறந்தவள், 24 வயதில் முதல்முறையாக ஒரு ரயிலைப் பார்த்தாள், கையில் பிள்ளையோடு. சின்னப் பெடியங்கள் தண்டவாளத்தில் இரண்டு ரூபாக் குற்றியை வைத்து, வண்டி போன பிறகு தட்டையானதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு நானும் கொடி பிடித்த கூட்டத்துக்குள் நின்றேன், சந்தோஷமாகத்தான் நின்றேன். பிறகுதான் திகதியை யோசித்தேன். வட மாகாண சபைத் தேர்தல் செப்டெம்பர் 21. சரியாக ஒரு கிழமை.

அதோடு நிற்கவில்லை. பளை 2014 மார்ச், யாழ்ப்பாணம் 2014 ஒக்டோபர் 13, காங்கேசன்துறை 2015 ஜனவரி 2. ஜனாதிபதித் தேர்தல் 2015 ஜனவரி 8. ஆறு நாள்! இரண்டு தேர்தலிலும் வடக்கில் அப்போதைய மகிந்த ராஜபக்ச ஆட்சிக்கு வாக்கு விழவில்லை என்பது வேறு கதை. ஆனால் பாதை விழுந்துவிட்டது, அதைத் திரும்பச் சுருட்டிக்கொண்டு போக முடியாது.

வவுனியா ஐயாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதற்குள்தான் இருக்கிறது. எங்கள் பாதை துண்டு துண்டாகத் திறக்கக்கூடிய பாதை. கிளிநொச்சி வரை போட்டால் கிளிநொச்சிக்கு ஓட்டலாம், ஒரு நாடா வெட்டலாம். பளை வரை போட்டால் இன்னொரு நாடா. கடன் தந்த இந்தியாவுக்கும் இங்கே காட்டுவதற்கு ஒன்று தேவைப்பட்டது, வாங்கினவர்களுக்கும் தேவைப்பட்டது. ஒவ்வொரு துண்டும் ஒரு தேர்தலுக்கு முன்னால் முடிந்தது, முடிய வைத்தார்கள். மாலபேப் பாதை அப்படியில்லை. தரிப்பிடம் மாலபேயில், ஆட்கள் இறங்க வேண்டிய இடம் கோட்டையில். இரண்டு முனையும் முடிந்து, மின்சாரம் வந்து, வண்டி வந்து, பரிசோதித்து முடிகிற வரை ஒரு மனுஷனையும் ஏற்ற முடியாது. கையெழுத்து வைத்த அரசாங்கத்துக்கு எட்டு மாதத்தில் தேர்தல். அவர்கள் காலத்தில் மிஞ்சினால் ஒரு அடிக்கல். அடுத்து வந்தவர்களுக்கு, முன்னைய ஆட்சியின் பிள்ளையை வளர்த்து, தூண் வேலையால் இன்னும் கூடுகிற நெரிசலுக்கு ஐந்தாறு வருஷம் திட்டு வாங்கி, கடைசியில் நாடாவை யார் வெட்டுவாரோ தெரியாது. எந்த அரசியல்வாதி இந்த வியாபாரத்துக்கு வருவான்?

ரயில்வேத் திணைக்களமும் அதைத் தன் பிள்ளை என்று நினைக்கவில்லை, அது மாநகர அமைச்சு பெற்ற பிள்ளை. அமைச்சு போனதும் கேட்பாரில்லை. எழுதி வைத்த சட்டம் ஒன்று, பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஒரு பொறுப்பு நிறுவனம், இதில் ஏதாவது இருந்திருந்தால் ஒரு கடிதத்தால் மூடியிருக்க முடியாது. இப்படியான பெரிய இருதரப்புத் திட்டங்களைப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் நிறுத்த முடியாதபடி சட்டம் கொண்டு வரலாம் என்று 2023இல் பேச்சு வந்தது. ஐந்து வருஷம் முந்தி வந்திருக்க வேண்டிய பேச்சு.

மறுபடி ஒரு நகரப் பாதையை யாராவது திட்டம் போட்டால், மலிவான கடன் தேடுவதற்கு முன்னால் முதல் மூன்று வருஷத்துக்குள் ஓட்டக்கூடிய துண்டு எது என்று பார்க்கச் சொல்வேன். மாலபேயிலிருந்து பொரளை வரை முதலில் முடித்து, அங்கிருந்து பஸ்ஸுக்கு மாற்றியிருக்கலாம். பொறியியலாளர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடும், பாதி வழியில் இறக்கிவிட்டால் பயணிகள் வரமாட்டார்கள் என்பார்கள், கணக்கில் அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் முழுசாகக் கீறிய படத்தில் பூச்சியம் பயணி ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம்.

கேற்றும் கடனும்

எங்கள் பாதையைப் புகழ்ந்துவிட்டுப் போக மனமில்லை, ஏனென்றால் நாடாவுக்காகத் துண்டு போட்ட பாதையின் குறையும் எங்கள் வாசலில்தான் இருக்கிறது. புது தண்டவாளம் ஓமந்தைக்கு வடக்கே. அதற்குத் தெற்கே மாஹோ வரைக்கும் பழைய பாதையாகவே விட்டார்கள், வண்டி ஆட்டம் போட்டது. அதைத் திருத்த 128 கிலோமீற்றருக்கு 91 மில்லியன் டொலர் இந்தியக் கடனில் 2023 ஜனவரியில் வேலை தொடங்கினார்கள், அனுராதபுரத்துக்கும் வவுனியாவுக்கும் இடையில் ஜூலை வரை ரயில் இல்லை. அடுத்த வருஷம் மாஹோவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் ஜனவரியிலிருந்து ஒக்டோபர் வரை இல்லை. எந்த வீட்டுக்காரனும் கூரையைப் போட்டுவிட்டு அத்திவாரத்தைத் திருத்த மாட்டான். 2025 ஏப்ரலில் மோடி வந்து அனுராதபுரத்தில் அதையும் திறந்து வைத்தார், ஆக அங்கேயும் ஒரு நாடா.

ஆனால் ரயில் கடவைக்கு நாடா வெட்ட ஒருவரும் வருவதில்லை. பாதை வந்தபோது வன்னியில் ஊர் ஒழுங்கைகள் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டுகிற இடங்கள் எத்தனையோ, பலதுக்குப் படலை இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. அடிபட்டுச் செத்தவர்கள் உண்டு, மாடுகள் கணக்கில்லை. பிறகு ஊர் ஆட்களையே தற்காலிகக் காவலாளிகளாகப் போட்டார்கள், பல வருஷமாக அவர்களுக்கு நாளுக்கு 250 ரூபாதான் கொடுத்தார்கள். கூலி வேலைக்குப் போனால் அதைப்போல நாலைந்து மடங்கு. போராட்டம் நடத்தினார்கள், நிரந்தரமாக்கச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்துக் கடவையில் நிற்கும் அண்ணைக்கு ஒரு தகரக் கொட்டில், ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, சொந்தக் கைபேசி. முந்தின கடவைக்காரர் அழைப்பு எடுத்து "வெளிக்கிட்டிட்டுது" என்பார், இவர் கயிற்றை இழுத்துக் கட்டுவார். கைபேசிக்கு ரீலோட் போடுவதும் அவர் காசு. ஒருநாள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி நின்றபோது இந்தக் கடன் கதையை எல்லாம் அவருக்குச் சொன்னேன், 0.1 வீதம், 40 வருஷம் என்று. கேட்டுவிட்டுச் சொன்னார்: "தண்டவாளம் போடக் கடன் தருவாங்கள் தம்பி. கேற்றில நிக்கிறவனுக்குச் சம்பளம் குடுக்க எவன் கடன் தருவான்?"

மாலபே ரயில் வந்திருந்தாலும் இதே கேள்வி அங்கே வேறு உருவத்தில் வந்திருக்கும். மின்தூக்கி பழுதானால், சில்லு தேய்ந்தால், மின்கட்டணம் ஏறினால் ஜப்பான் தராது, ரயில்வேயின் மற்ற நட்டத்தோடு அதையும் திறைசேரி நிரப்ப வேண்டும். 2022இல் டீசலுக்கே டொலர் இல்லாத திறைசேரி. ஒப்பந்தத்தில் ஓட்டுகிற செலவுக்கு யார் பொறுப்பு, எந்த வருமானத்திலிருந்து, டிக்கெட் விலையை யார் தீர்மானிப்பது என்று முதல் பக்கத்திலேயே எழுதாத திட்டத்தை நான் நம்பமாட்டேன், வட்டி பூச்சியமாக இருந்தாலும்.

அன்றைக்கு என் அலுவல் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. வாசலில் வவுனியா ஐயாவை மறுபடி கண்டேன், கோவையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு 190க்கு நின்றார். பின்னேர ரயிலுக்குப் போகிறாராம். இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறதே ஐயா, ஒரு சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றேன்.

"கோட்டையிலயிருந்து வவுனியா வரைக்கும் நேரம் சொல்லுவன் தம்பி. இஞ்சயிருந்து கோட்டைக்கு ஆர் நேரம் சொல்லுறது?" என்று சொல்லிவிட்டு வந்த பஸ்ஸில் தொற்றி ஏறினார். நான் சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது அந்த பஸ் அடுத்த சந்தியைத்தான் தாண்டியிருந்தது.